14,000 படங்களில் எது மிஞ்சும்?

மூன்று வயது மகளைப் படம் எடுக்க நாற்பதாயிரம் ரூபாய்க்குள் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகள்தான் எனக்குக் கேள்வியாகப் படுகின்றன. போனில் 14,000 படங்கள் சேர்ந்துவிட்டன, ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. "பிள்ளையப் பாக்காம போனையே பாத்துக்கிட்டு இருக்கே" என்று மாமியார் சொல்கிறார். படம் எடுத்து எடுத்தே அந்த நேரங்களை நாம் மறந்துவிடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கேமரா கேட்கிறீர்கள். இவள் பெரியவளாகி, "நான் சின்னப் பிள்ளையில எப்படி இருந்தேன்?" என்று கேட்கும் நாளில் அவள் கையில் எதைக் கொடுக்கப்போகிறோம் என்பதே உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் அப்பா வைத்திருந்த ஸ்டுடியோவில் பதினாறு வயதில் டார்க் ரூமுக்குள் போனேன். பிறகு நானே முப்பது வருஷம் நடத்தி, 2017இல் கடையை மூடினேன். குழந்தைப் படம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. முதல் பிறந்தநாள், மொட்டை, காதுகுத்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்க பாஸ்போர்ட் சைஸ் என்று ஒரே பிள்ளை நாலைந்து முறை எங்கள் ஸ்டூலில் வந்து உட்காரும். படம், பிரிண்ட், அது எப்படிக் கெட்டுப்போகும் என்பவற்றை நம்பிக்கையோடு சொல்வேன். ஞாபகசக்தி பற்றிச் சொல்பவை படித்துத் தெரிந்துகொண்டவை. நான் மனோதத்துவம் படித்தவன் இல்லை. கண் வைத்தியம் பற்றியும் ஒரு விஷயம் வரும்; அதையும் ஒரு போட்டோக்காரன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை முதலில் முடித்துவிடலாம். வாங்க வேண்டாம். மேக்ஸி சைஸ், அதாவது நாலுக்கு ஆறு அங்குல பிரிண்ட் நன்றாக வர 1200க்கு 1800 புள்ளிகள் போதும்; மொத்தம் சுமார் 22 லட்சம். சாதாரண போன் எடுக்கும் படத்திலேயே ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. பெரிய கேமரா மங்கிய வெளிச்சத்திலும், ஓடும் பிள்ளையைப் பிடிப்பதிலும் போனை ஜெயிக்கும், உண்மைதான். ஆனால் அது பீரோவுக்குள் இருக்கும், போன் கையில் இருக்கும். அந்த நாற்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் பிரிண்டுக்குச் செலவழியுங்கள். மற்றபடி நாலு பழக்கம் போதும். லென்ஸை வேட்டித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள், பாதிப் போன்களில் மங்கலுக்குக் காரணம் விரல் எண்ணெய்தான். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ பிள்ளையை விளையாட விடுங்கள். திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், நீங்களே இரண்டடி முன்னால் போங்கள். நின்றுகொண்டு எடுக்காமல் தரையில் உட்கார்ந்து, அவள் கண் உயரத்துக்கு இறங்கி எடுங்கள். மேலிருந்து எடுத்தால் உச்சந்தலையும் நெற்றியும்தான் வரும். பெரியவர்கள் பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் வசதியான வீட்டில் அக்ஃபா கிளிக் த்ரீ என்றொரு பெட்டிக் கேமரா இருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பிறகு 35 எம்எம் வந்தபோது முப்பத்தாறு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கருப்பு வெள்ளை ரோலில் பொங்கலுக்கு இரண்டு, திருவிழாவுக்கு மூன்று என்று எடுத்து, ரோல் முடியாமல் எட்டு மாதம் கேமராவுக்குள்ளேயே கிடந்து, ஒருநாள் கழுவக் கொண்டுவருவார்கள். ஒரு பிள்ளையின் பால்யம் முழுக்க ஒன்றரை ரோலில் அடங்கிவிடும். அதுதான் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒன்றரை ரோலும் இல்லாத வீடுகள்தான் அதிகம். என் வாடிக்கையாளர்களில் பலருக்குத் தாங்கள் பத்து வயதில் எப்படி இருந்தோம் என்பதே தெரியாது. உங்களிடம் 14,000 இருப்பது குறையில்லை. இருப்பதில் எது மிஞ்சும் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது படம் எடுக்கும் வேலை இல்லை, காப்பி எடுக்கும் வேலை. பழைய படத்தைக் கொண்டுவந்து, "இதைப் பெருசாக்கிக் குடுங்க, கறையை எடுத்துடுங்க" என்பார்கள். பெரும்பாலும் வீட்டில் ஒரு சாவு நடந்த மறுநாள் வருவார்கள். அப்போது அவர்கள் அந்தப் படத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் முப்பது வருஷம் கவனித்திருக்கிறேன். முகத்தை ஒரு நொடி பார்ப்பார்கள். அப்புறம் விரல் மெதுவாகப் பக்கவாட்டில் போகும். "இது பழைய வீட்டுத் தூண்", "இந்தத் தொட்டில் சேலை ஆச்சியோடது", "இந்த அண்டாவைத்தான் எழுபத்தெட்டுல வித்தோம்". எடுத்தவர் கவனிக்காமலே படத்துக்குள் வந்த பொருள்கள்தான் அவர்களை அழவைக்கும்.

எங்கள் தொழிலோ அவற்றையெல்லாம் மறைப்பதற்கென்றே இருந்தது. ஸ்டுடியோச் சுவரில் ஏரியும் மாளிகைப் படிக்கட்டும் வரைந்த ஸ்கிரீன் தொங்கும். மண்சுவர் வீட்டுப் பிள்ளை மாளிகைப் படியில் உட்கார்ந்திருக்கும். எந்த ஊர், எந்த வீடு, என்ன மாதம் என்று எதுவும் தெரியாது. இன்றைக்குப் போனில் போர்ட்ரெய்ட் மோட் என்று பின்னணியை மங்கலாக்குகிறதே, அது எங்கள் ஸ்கிரீனின் பேரன்தான். அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மகளுக்கு இருபத்தைந்து வயதில் தன் முகம் கண்ணாடியிலேயே கிடைக்கும். நீங்கள் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டின் சமையல்கட்டு, கிரில் கேட், வாசலில் நிற்கும் அப்பாவின் பைக், சுவரில் அவள் கிரேயானால் கிறுக்கியது, இவை வேறெங்கும் கிடைக்காது. அந்த மோடை அணைத்துவிடுங்கள். வீடு அலங்கோலமாக இருக்கிறதே என்று துணிகளை ஒதுக்கிவிட்டு எடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. ஆறு ஏழு மாதத்தில், உட்காரத் தொடங்கும் பிள்ளையை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவருவார்கள். தனியாக உட்காராது, சாயும். அதனால் நாற்காலிக்குப் பின்னால் கருப்புத் திரைக்குள் அம்மா குந்தியிருந்து, ஒரு கையை மட்டும் முன்னால் நீட்டிக் குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளையின் அப்பா கிலுகிலுப்பையை ஆட்டி, "காக்கா பாரு, காக்கா" என்பார். நான் பட்டனை அமுக்குவேன். கழுவியதும் நெகட்டிவில், அதாவது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாக விழும் ஃபிலிமில், அம்மாவின் விரல்கள் தெரியும். என் அப்பா கத்தி முனையால் நெகட்டிவில் அந்த இடத்தைப் பொடிப்பொடியாகச் சுரண்டி எடுப்பார். நெகட்டிவில் சுரண்டினால் பிரிண்டில் அந்த இடம் கருப்பாக வரும். கருப்புத் திரையோடு விரல்கள் கலந்துவிடும். பிள்ளை தானாக ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். டச்சிங் வேலை என்று பெயர். அப்பா அதில் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும்.

இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய ஏழு மாதப் படம் கையில். அவளுக்கு நாலு வயதாகும்போதே அம்மா தவறிவிட்டாராம். வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்குப் படம் எடுக்க வசதி இல்லை. பிள்ளைக்காக மட்டும் கடன் வாங்கி எடுத்திருக்கிறார்கள். "இதை எடுக்கும்போது அம்மாதான் என்னப் பின்னால இருந்து பிடிச்சிருந்தாங்கன்னு அத்தை சொன்னாங்க. அந்தக் கை இருக்கிற படம் உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டாள். நெகட்டிவ்களை மரப்பெட்டியில் வருஷவாரியாக வைத்திருந்தோம். அரைநாள் தேடி எடுத்துவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், அந்த இடத்தில் கத்தித் தடம்தான் இருந்தது. நெகட்டிவிலேயே சுரண்டியாயிற்று. திரும்ப வராது.

அதற்குப் பிறகு நான் ஒரு கையையும் அழித்ததில்லை. யாராவது கேட்டால், "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள்.

உங்கள் 14,000 படங்களில் நீங்கள் எத்தனை படத்தில் இருக்கிறீர்கள் என்று இன்று இரவு எண்ணிப் பாருங்கள். படம் எடுப்பது அம்மாவாக இருக்கும் வீட்டில் அம்மா இருக்கமாட்டாள். முன்பு திரைக்குப் பின்னால் இருந்தார்கள், இப்போது போனுக்குப் பின்னால். வாரத்துக்கு ஒருமுறையாவது போனைக் கணவரிடம் கொடுங்கள், மாமியாரிடம் கொடுங்கள். நைட்டியோடு, தலை சீவாமல், சோறு ஊட்டிக்கொண்டு இருக்கிற படமாக இருந்தால் ரொம்ப நல்லது. செல்ஃபி இதற்கு ஈடாகாது. செல்ஃபியில் இரண்டு பேரும் போனைத்தான் பார்ப்பீர்கள், ஒருவரையொருவர் பார்க்கமாட்டீர்கள்.

படம் எடுத்தால் மறந்துவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். இதில் ஓரளவு உறுதியானது எது, இன்னும் பேச்சிலிருப்பது எது என்று பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது: பெரியவர்களிடம் கேட்டால் தங்கள் முதல் ஞாபகமாகச் சொல்வது சராசரியாக மூன்று, மூன்றரை வயதுச் சம்பவம்தான். அதற்கு முந்தையது பெரும்பாலும் தங்குவதில்லை. ஆக, உங்கள் மகளின் இதுவரைக்குமான வாழ்க்கையில் ஏறக்குறைய எதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை. அவளுக்குத் தெரியப்போவது நீங்கள் சொல்வதும் காட்டுவதும்தான். சொல்லும் விதமும் முக்கியம். "இது யாரு? அன்னைக்கு என்ன நடந்துச்சு? நீ ஏன் அழுதே?" என்று கேள்வி கேட்டு, விவரம் சேர்த்துப் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் கடந்த காலத்தைக் கூடுதல் விவரத்தோடு சொல்லக் கற்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். தூங்கப்போகுமுன் பத்து நிமிஷம் மடியில் ஆல்பத்தை வைத்துப் பேசுவது வீண்பொழுது இல்லை.

உங்கள் மாமியார் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்துக்குள் அனுப்பி, சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றைச் சும்மா பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்களைவிடச் சும்மா பார்த்தவைதான் நன்றாக ஞாபகம் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிடுகிறது போலும். ஆனால் அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. 2017இல் வந்த வேறொரு ஆய்வு, தானாக விரும்பிப் படம் எடுப்பவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவும், காதால் கேட்டது குறைவாகவும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னது. இவை அருங்காட்சியகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் முன்பின் தெரியாத பொருள்களை வைத்துச் செய்தவை. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே மூன்று வருஷம் நடப்பதற்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும் தொழிலில் நான் கண்டதோடு ஒத்துப்போகிறது. கவனித்து எடுப்பவனுக்கு ஞாபகம் இருக்கும், அமுக்கிக்கொண்டே போகிறவனுக்கு இருக்காது. காது விஷயம் கல்யாண வீட்டுப் போட்டோக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான்: தாலி கட்டின நொடி கண்ணில் நிற்கும், நாதஸ்வரக்காரர் என்ன வாசித்தார் என்பது தெரியவே தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. படம் பொய் ஞாபகத்தையும் உண்டாக்கும். 2002இல் நியூசிலாந்தில் இருபது பேருக்கு அவர்களுடைய குழந்தைப் பருவப் படங்களைக் காட்டினார்கள். அவற்றோடு, வெப்பக் காற்று பலூனில் பறப்பதாக ஒட்டு வேலை செய்த பொய்ப் படம் ஒன்றையும் கலந்தார்கள். சில முறை பேட்டி எடுத்து முடிக்கும்போது பாதிப்பேர், நடக்காத அந்தப் பயணத்தை முழுதாகவோ அரைகுறையாகவோ ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கே என் மொட்டை நன்றாக ஞாபகம் இருப்பதாக ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மாமா மடி, கழுகுமலை, சந்தனம் எல்லாம். யோசித்துப் பார்த்தால் அந்த ஞாபகத்தில் என் முகம் எனக்கே தெரிகிறது. மாமா மடியில் இருக்கிறவனுக்குத் தன் முகம் எப்படித் தெரியும்? அது அப்பா எடுத்த படம், என் ஞாபகம் இல்லை. அதனால் படத்தை அழகாக்குவதற்காக ஆளை நீக்குவது, அழுகிற முகத்தைச் சிரிக்க வைப்பது என்று இப்போது போனிலேயே வருகிறதே, அந்த வேலையைக் குழந்தைப் படத்தில் செய்யாதீர்கள். சுரண்டிய அப்பாவின் மகன் சொல்கிறேன்.

எதை எடுப்பது? பிறந்தநாள் கேக்கை எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எப்படியும் எடுப்பீர்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதை நம்மைவிட நன்றாக யோசித்திருக்கிறார்கள். அவர்கள் பிறந்தநாளைப் பாடவில்லை. ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டிக் கைகளை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, முத்தம் கேட்பது, தளர்நடையில் வருவது, நிலாவைக் கூப்பிடுவது என்று பிள்ளை உடம்பாலும் வாயாலும் புதிதாக என்ன செய்கிறதோ அதைத்தான் பருவமாகப் பிரித்தார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பருவங்கள் கடந்துவிட்டன. சரி, இனி வருவதைப் பாருங்கள்: செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவது, தானே பிசைந்து சாப்பிட்டு முழங்கை வரை சோறு, பால்பல் விழுந்த வாய், பென்சில் பிடிக்கும் விதம், தாத்தாவின் கண்ணாடியை மாட்டிக்கொள்வது. இவை ஒவ்வொன்றும் எப்போது கடைசி முறை நடந்தது என்று நமக்குத் தெரியாமலே நின்றுபோகும். குரலையும் பிடித்துவையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் அவள் பேசுவது, பாடுவது. 'ர' வராமல் 'ல' சொல்லும் காலம் ரொம்ப நாள் இருக்காது. எங்களிடம் அந்த வசதி இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

இதோடு வருஷத்துக்கு ஒரே ஒரு படம் ஒழுங்காக எடுங்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த டியேகோ கோல்ட்பர்க் என்ற போட்டோக்காரர் 1976 முதல் ஒவ்வொரு ஜூன் 17ஆம் தேதியும் தன்னையும் மனைவியையும், பிறகு பிறந்த பிள்ளைகளையும் ஒவ்வொருவராக நேர்முகமாக எடுத்துவந்தார். அலங்காரம் ஒன்றும் கிடையாது, ஏறக்குறைய பாஸ்போர்ட் படம்தான். வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறெந்த அழகான படமும் அதன் பக்கத்தில் நிற்காது. நம் ஊரிலும் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தாழம்பூவோ மல்லிகையோ வைத்துத் தைத்த ஜடையோடு பெண்பிள்ளையைக் கூட்டிவந்து, முதுகுப் பக்கம் நிலைக்கண்ணாடியை வைத்து முகமும் ஜடையும் சேர்ந்து விழும்படி எடுக்கச் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அப்படி எடுத்த ஒரு வீட்டில், கண்ணாடிச் சட்டம் அதேதான், பிள்ளை மட்டும் ஏறிக்கொண்டே போவாள். உங்கள் வீட்டில் ஒரு கதவு நிலையைத் தேர்ந்தெடுங்கள். வாடகை வீடு மாறுவீர்கள் என்றால் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுங்கள், அது கூடவே வரும்.

ஃபிளாஷ் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்கு முன்னால் வைத்து அடிக்காதீர்கள். பிள்ளை பயந்துவிடும், படமும் வெளுத்துவிடும். ஆனால் ஃபிளாஷில் எடுத்த படங்களில் கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒரு கண்ணோ இரண்டுமோ வெள்ளையாக, பூனைக் கண் மாதிரித் தெரிந்தால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் தெரிந்தால், தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயைப் பெற்றோர் முதலில் படத்தில் கண்டுபிடித்த சம்பவங்கள் உலகமெங்கும் உண்டு. பிள்ளை பக்கவாட்டில் பார்க்கும்போது சாதாரணக் கண்ணிலும் அப்படித் தெரியலாம், கண்புரை போன்ற வேறு காரணமும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்.

இனிப் பாதுகாப்பு. கருப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது, நன்றாகக் கழுவியிருந்தால் நூறு வருஷம் இருக்கும். கலர் சாயம். எழுபது எண்பதுகளில் போட்ட கலர் பிரிண்ட் எல்லாம் ஆல்பத்துக்குள் இருந்தபடியே சிவந்துபோனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்போதைய கலர் பேப்பர் எவ்வளவோ தேறிவிட்டது, வெயில் படாமல் வைத்தால் உங்கள் மகள் காலத்துக்கும் வரும் என்று நம்பலாம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் பசை ஆல்பத்தில் வைக்காதீர்கள். அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தையும் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் கிழியும். லேமினேஷனும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் நனைந்த ஆல்பத்தோடு வந்தார். காயவைத்துக் கொண்டுவந்திருந்தார், அதுதான் தப்பு. காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நனைந்த பிரிண்ட்டைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாகப் பிரிந்ததும் முகம் மேலாக நிழலில் காயவைக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்.

போனிலிருப்பவை இதைவிடச் சீக்கிரம் போகும். குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறேன், அது போதும் என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் உரிந்துபோகும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் அப்படியே போகும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசம் என்பது 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது, இப்போது 15 ஜிபிதான். இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கணக்கை அவர்கள் அழிக்கலாம். ஆக, ஒன்று போனில் அல்லது கிளவுடில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், இன்னொரு ஹார்ட் டிஸ்க் வேறு ஊரில் அம்மா வீட்டில். தீபாவளிக்குப் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே போடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் கடைக்கு வரத் தயங்கிய பாட்டிகள் நிறைய. கன்னத்தில் பெரிய பொட்டு வைத்துத்தான் உட்காரவைப்பார்கள். ஆயுசு குறையாது. ஆனால் முன்பின் தெரியாத கண்கள் பிள்ளைமேல் படக்கூடாது என்ற அந்தப் பயம் இன்றைக்கு அப்போதைவிடப் பொருத்தமாக இருக்கிறது. குளிக்கிற படம், பள்ளிச் சீருடையில் பெயர் தெரிகிற படம், வீட்டு வாசல் தெரிகிற படம் இவற்றை வலையில் போடவேண்டாம். நம் நாட்டில் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரத்தைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் அனுமதியைப் பெற வேண்டும் என்கிறது. அந்தப் பெற்றோரே எடுத்துப் போட்டால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? பிரான்ஸ் 2024 பிப்ரவரியில், பிள்ளையின் படத்தைக் காப்பதும் பெற்றோரின் கடமை என்று சட்டமாகவே எழுதிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளைக்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போனை இறக்கிவிடுங்கள். ஸ்டுடியோவில் அழுத பிள்ளையை மிரட்டி எடுத்த படங்கள் என்னிடம் நிறைய இருந்தன. அவற்றுக்கு யாரும் இரண்டாவது காப்பி கேட்டு வந்ததில்லை.

கடைசியாக அந்த 14,000. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த உட்காராதீர்கள், முடியாது, வெறுத்துவிடும். பிறந்த மாதத்திலிருந்து தொடங்கி மாதத்துக்கு மூன்று மட்டும் எடுங்கள். ஒன்று அவள் தனியாக, ஒன்று யாரோடாவது, ஒன்று வீடு தெரிகிற மாதிரி. 36 மாதத்துக்கு 108 படம். மீதியை அழிக்க வேண்டாம், ஹார்ட் டிஸ்கில் கிடக்கட்டும். இந்த 108ஐ மேக்ஸி சைஸில் போட்டு, பின்னால் தேதி, இடம், யார் யார், முடிந்தால் அன்று அவள் சொன்ன ஒரு வார்த்தை, இவ்வளவையும் எழுதுங்கள். என் கடையில் பெயர் தெரியாத படங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அதில் இருக்கிற பிள்ளை யார் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. இப்போதைய பேப்பரின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் ஏறாது. பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும். சிடியில் எழுதுகிற மெல்லிய மார்க்கர் வாங்கி, ஓரமாக எழுதி, இரண்டு நிமிஷம் ஆறவிட்டு அடுக்குங்கள். எழுதும்போது மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், எந்தப் படம் எந்த நாள் என்பது பாதி அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.